திரும்பி வரும் அச்சம்

வெளிப்பாட்டுச் சிகிச்சையால் தணிந்த அச்சம் எத்தனை காலம் தணிந்தே இருக்கும் என்னும் கேள்வி, அச்சிகிச்சையின் தொடக்ககாலப் பதிவொன்றிலேயே இருக்கிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் படிப்படியாக அதனுடன் பழக்கப்படுத்தப்பட்டான். அச்சம் குறைந்துவந்த வேளையில் ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தான். அங்கிருந்து புறப்பட்டு வாடகைக் காரில் ஏறும்போது பெரிய நாயொன்று பாய்ந்தது. பின்னர் முயலைக் காட்டியபோது பழைய அச்சம் திரும்பியிருந்தது. ஜோன்ஸ் இம்முறை அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தவாறே முயலை அருகே கொண்டுவந்து வென்றார். பாடநூல்கள் பெரும்பாலும் அந்த வெற்றியைச் சொல்கின்றன; நாயைச் சொல்வதில்லை.

அணைந்த பழக்கம் ஓய்வுக்குப்பின் தானே தலைதூக்குவதைப் பாவ்லவ் தம் சோதனை நாய்களிடம் முன்னரே கண்டிருந்தார். ஆயினும் 1958-இல் ஜோசப் வோல்பி தம்மிடம் வந்த 210 பேரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தேறினர் என்று எழுதியபோது, அந்த எச்சரிக்கை பின்தங்கிவிட்டது. தேறினரா என்று மதிப்பிட்டவரும் சிகிச்சை அளித்தவரே என்பதையும் மறக்கலாகாது.

நற்செய்தியும் உண்டு. சுவீடனின் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989-இல் 20 பேருக்குச் சராசரியாக 2.1 மணி நேரத்தில் முடிந்த ஒரே அமர்வின் பலனை வெளியிட்டார்; சராசரியாக நான்கு ஆண்டுகள் கழித்தும் 90 விழுக்காட்டினர் நலமாக அல்லது பெரிதும் முன்னேறிய நிலையில் இருந்தனர். சிறிய எண்ணிக்கைதான், ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்ப்போரே அரிது.

அச்சம் ஏன் திரும்புகிறது என்பதற்கு மார்க் பௌட்டனின் எலிச் சோதனைகள் விளக்கம் தந்தன. சிகிச்சை பழைய கற்றலை அழிப்பதில்லை. அதன்மேல் புதியதொன்றைப் படியவைக்கிறது. அந்தப் புதிய கற்றலோ, கற்ற இடத்தைப் பெரிதும் சார்ந்தது. சிலந்தியச்சம் உடையோரிடம் 1999-இல் நடந்த ஆய்விலும், சிகிச்சை பெற்ற இடத்தைவிட வேறிடத்தில் சிலந்தியைக் கண்டோரிடம் அச்சம் கூடுதலாகத் திரும்பியது.

பெங்களூருக்கு இது ஏட்டளவுச் செய்தியன்று. இங்கு 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. 1974-இல் அது அரசு மனநல மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. ஓசூர் சாலையிலுள்ள அவ்வளாகத்தைத் தேடி அண்டை மாநிலத்தாரும் வருகின்றனர். உயரத்துக்கு அஞ்சும் ஒருவர் மருத்துவமனை மாடிப்படியில் பழகி வென்றதாகக் கொள்வோம். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள தொம்மலூர் மேம்பாலத்தில் அவர் நெஞ்சு மீண்டும் படபடத்தால், சிகிச்சை பொய்த்ததாகவோ தாம் கோழை என்றோ அவர் முடிவுகட்டிவிடுவார், சிகிச்சையையும் கைவிடுவார். உண்மையில் அவர் மாடிப்படியில் கற்றது மேம்பாலத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே. ஆகவேதான் இன்றைய சிகிச்சையாளர் பலர் அமர்வறையோடு நிற்பதில்லை: பாலத்திலும், பேருந்து நிலையத்திலும், ஊர் திரும்பியபின் அங்குள்ள கிணற்றடியிலும் பயிற்சியைத் தொடரச் சொல்கின்றனர்; அச்சம் ஒருநாள் திரும்பலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகின்றனர்.