ஒரு மணிக்கு ஒரு தடவை

ஆறு நிமிஷப் படம் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. வசனம் கிடையாது. பாட்டு, ஃபைட்டு எதுவும் கிடையாது. தொழிற்சாலைச் சீருடை போட்ட ஓர் ஆசாமி உங்களையே பார்த்தபடி நிற்கிறார். பக்கத்தில் ஒரு கடிகாரம். கம்பெனி வாசலில் வைத்திருப்பார்களே, கார்டைச் சொருகினால் வந்த நேரத்தை அச்சடித்துக் கொடுக்குமே, அந்த ரகம். அதன் முள் கிறுகிறுவென்று சுற்றுகிறது. ஆசாமியின் உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது. ஆரம்பத்தில் மொட்டைத் தலை. முடியும்போது நீளமான முடி. அவ்வளவுதான் படம்!

'இதைப் போய் எவனாவது பார்ப்பானா?' என்று கேட்காதீர்கள். இந்த ஆறு நிமிஷத்தை எடுக்க அவருக்குச் சரியாக ஒரு வருஷம் ஆயிற்று.

எப்படி?

1980 ஏப்ரல் 11. நியூயார்க்கில் தன் அறையில் இருந்த அந்தக் கடிகாரத்தில் அவர் கார்டு பஞ்ச் செய்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. அப்புறம் மறுபடி. பகல், ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் எந்த விதிவிலக்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பதினாறு எம்.எம். கேமராவில் ஒரே ஒரு ஃப்ரேம். இருபத்து நாலு மணி நேரத்துக்கு இருபத்து நாலு ஃப்ரேம். சினிமா கணக்கில் அது ஒரு நொடி. ஆக, அவருடைய ஒரு நாள் நமக்கு ஒரு நொடி!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு, சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியாது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவர முடியாத இடத்துக்குப் போக முடியாது. ஒரு முழு சினிமா பார்க்க முடியாது. எதற்காக இந்தப் பாடு? சம்பளமா? பைசா கிடையாது. முதலாளி? யாருமே இல்லை.

யார் சார் இந்த மனுஷர்?

பெயர் டெச்சிங் ஷியே. 1950-ல் தைவானில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓவியம் வரையப் போனார். ராணுவ சேவை முடித்தார். 1973-ல் திடீரென்று ஒரு மாடி ஜன்னலிலிருந்து குதித்து, அதைப் படமும் எடுக்கச் செய்தார். கலையாம்! இரண்டு கணுக்கால்களும் உடைந்ததுதான் மிச்சம்.

அமெரிக்கா போகவேண்டும் என்று ஆசை. விசாவுக்கு வழியில்லை. கப்பல் வேலை கற்றுக்கொண்டு, மாலுமியாக ஏறினார். 1974-ல் கப்பல் ஃபிலடெல்ஃபியா பக்கம் நின்றபோது நைசாக இறங்கி, நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டலில் தட்டு கழுவினார். தரை துடைத்தார். கையில் எந்தச் சட்டபூர்வமான காகிதமும் இல்லை. அரசாங்கக் கணக்குப்படி அப்படி ஒரு ஆளே அங்கே கிடையாது.

1978-ல் மனிதர் ஒரு காரியம் செய்தார். தன் படத்தையே போட்டு, 'குடியேற்றத் துறையால் தேடப்படுபவர்' என்று தானே போஸ்டர் அச்சடித்தார். ஒளிந்து வாழ்கிற ஆள் செய்கிற வேலையா இது?

அதே வருஷம் செப்டம்பரில், மரத்தில் ஒரு கூண்டு கட்டி உள்ளே போய் உட்கார்ந்தார். பதினொன்றரை அடிக்கு ஒன்பதடி. ஒரு வருஷம் வெளியே வரவில்லை. பேச்சு, படிப்பு, எழுத்து, ரேடியோ, டி.வி. எல்லாவற்றுக்கும் தடை. நண்பர் ஒருவர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, வாளியை எடுத்துப்போய்ச் சுத்தம் செய்தார். (அந்த நண்பருக்கும் ஒரு வருஷத் தண்டனைதான்!) ஏமாற்றவில்லை என்பதற்கு வக்கீலின் அத்தாட்சி இருந்தது.

கூண்டுக்கு அப்புறம்தான் கடிகாரம். அது முடிந்ததும் 1981 செப்டம்பரில் நேர் எதிர்: ஒரு வருஷம் கூரைக்குக் கீழே போவதில்லை. கட்டடம், கார், ரயில், கூடாரம் எதற்குள்ளும் நுழைவதில்லை. கையில் ஒரு ஸ்லீப்பிங் பேக். நியூயார்க்கின் பனிக்காலத்தைத் தெருவிலேயே கழித்தார்.

1982-ல் ஒரு தகராறில் போலீஸ் அவரைப் பிடித்துவிட்டது. ஸ்டேஷனுக்குள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் காட்சியும் படமாக இருக்கிறது. மனிதர் கத்துகிறார், திமிறுகிறார். காகிதம் இல்லாதவர் போலீஸிடம் மாட்டினால் எதற்குப் பயப்பட வேண்டும்? நாடு கடத்திவிடுவார்களே என்று. அவரோ, கூரைக்குக் கீழே கொண்டுபோகிறார்களே என்று அலறுகிறார்! பதினைந்து மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். அப்புறம் வழக்கு நடந்தபோது நீதிபதி அவரைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிற்க அனுமதித்தார்.

1983 ஜூலை 4 முதல் ஒரு வருஷம், லிண்டா மொன்டானோ என்ற கலைஞரோடு எட்டடிக் கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு வாழ்ந்தார். ஒருவரை ஒருவர் தொடக்கூடாது. அடுத்து, 1985-லிருந்து ஒரு வருஷம் கலை பக்கமே தலைவைக்கவில்லை. பிறகு, 1986 டிசம்பர் 31 முதல் 1999 டிசம்பர் 31 வரை, கலை செய்வேன், ஆனால் யாருக்கும் காட்டமாட்டேன் என்று பதின்மூன்று வருஷத் திட்டம். 2000 ஜனவரி 1 அன்று கூட்டம் கூட்டி அறிவித்த ரிசல்ட் என்ன தெரியுமா? உயிரோடு இருந்தேன், தாண்டிவிட்டேன். அவ்வளவே!

நடுவில், 1988-ல் பொது மன்னிப்பில் அவருக்குச் சட்டபூர்வமான இடம் கிடைத்தது. பதினான்கு வருஷக் காத்திருப்பு.

இன்றைக்கு இணையத்தில் இந்த ரகப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. நோவா கலினா என்கிற அமெரிக்கர் ஆறு வருஷம் தினம் ஒரு போட்டோ தன்னையே எடுத்து, 2006-ல் யூடியூபில் ஓட்டிக்காட்டினார். 2017-ல் 'மிஸ்டர் பீஸ்ட்' ஜிம்மி டொனால்ட்சன், கேமரா முன்னால் உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஒரு லட்சம் வரை எண்ணினார். நாற்பது மணி நேரம்! அந்தப் படம்தான் அவரைப் பிரபலமாக்கியது. பார்க்க ஆள் இருக்கிறது, விளம்பரப் பணம் இருக்கிறது. கஷ்டப்படுவதில் ஓர் அர்த்தம் புரிகிறது. ஷியே கார்டு அடித்தபோது பெரும்பாலும் எதிரே பார்க்க யாருமே இல்லை.

நான் பி.காம். படித்தவன். கலை பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கம்மி. ஆனால் கணக்கு தெரியும். ஷியேயின் கணக்கு வழக்குதான் என்னை உலுக்கியது.

ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு நாள் கார்டிலும் சாட்சியின் கையெழுத்து. கடைசியில் மனிதர் ஒரு பட்டியல் போட்டார். தவறவிட்டது 133. தூங்கிவிட்டது 94. தாமதமாக அடித்தது 29. முன்கூட்டியே அடித்துவிட்டது 10. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

சொந்தக் கடிகாரம், சொந்த கார்டு. நினைத்திருந்தால் நூற்றுக்கு நூறு காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நாட்டுக்குள் திருட்டுத்தனமாக வந்தவர், கணக்கில் ஒரு மணி நேரத்தைக்கூடத் திருடவில்லை! உலகத்தில் எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு மனிதர், 'இந்த மணிக்கு நான் இங்கே இருந்தேன்' என்று தனக்குத்தானே 8,627 ரசீது போட்டுக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைக் கேட்டால் இந்த அர்த்தமெல்லாம் வேண்டாம் என்பார். காலத்தைக் கழித்தேன், அவ்வளவுதான் என்பார்.

நாமும் அதைத்தான் செய்கிறோம். என்ன, கார்டு பஞ்ச் பண்ணுவதில்லை.

அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். ஆறே நிமிஷம். முடி வளர்வதைக் கவனியுங்கள். முடிந்ததும் கண்ணாடியில் ஒரு தடவை உங்கள் தலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.