கண்ணிமையும் வெப்பமானியும்: முட்டை பொரித்த கைகளின் வரலாறு

தென் கொல்கத்தாவின் பவானிபூரில் ஜதுபாபு சந்தை என்னும் பழைய சந்தை உள்ளது. அங்கு வாத்து முட்டையும் கோழி முட்டையும் ஒரே கடையில் வாங்கக் கிடைக்கின்றன. இன்று அவ்விரண்டையும் பிரிப்பவை விலையும் சுவையும் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பிரித்தது சமய வழக்கம். தரும நூல்கள் ஊர்க்கோழியை உண்ணத்தகாதவற்றுள் வைத்தமையால், ஆசாரமான வங்க இந்துக் குடும்பங்களின் அடுக்களைக்குள் வாத்து முட்டை நுழைந்தது. கோழி முட்டை நுழையவில்லை. விலக்கை மீறிக் கோழி உண்டோர் அதற்கு ‘ராம்பாக்கி’, அதாவது இராமப் பறவை, என்று நகைச்சுவையாகப் பெயர் சூட்டினர். வழக்கறிஞர்களும் சீர்திருத்தவாதிகளும் நிறைந்திருந்த பவானிபூர் போன்ற புறநகர்களில் கோழியை உண்பதா விடுப்பதா என்பதே ஒருவர் எந்தப் பக்கத்தவர் என்பதைக் காட்டும் அடையாளமாயிற்று.

இவ்விலக்கைப் பற்றி எழுதியோர் பலர். அதன் மறுபக்கம் அத்துணை கவனிக்கப்பட்டதில்லை. உயர்குடியினர் தொடாத பறவையின் முட்டையைக் குஞ்சாக்கும் அறிவு எவரிடம் இருந்தது? ஊர்ப்புறங்களில் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்த பெண்களிடம். நகரத்தில் ஐரோப்பியர் மனைகளின் ‘முர்கிக்கானா’ எனப்பட்ட கோழிக்கொட்டில்களைப் பேணிய பணியாளர்களிடம். ஆனால் அச்சேறியவை வேறு நூல்கள். ஐசா ட்வீட் எழுதிய ‘இந்தியாவில் கோழி வளர்ப்பு’ என்னும் ஆங்கிலக் கையேட்டைக் கல்கத்தாவின் தாக்கர் ஸ்பிங்க் நிறுவனம் வெளியிட்டது. இத்தகைய கையேடுகளை வாங்கிப் படித்தோர் வீட்டுத் தலைவர்கள். முட்டையைக் கையிலெடுத்தோர் அவற்றைப் படிக்கவில்லை, எழுதவும் இல்லை. முட்டை பொரித்தலின் வரலாறு நெடுகிலும் இவ்விடைவெளி தொடர்கிறது.

இரு மொழிகளின் சொற்களே இங்கு உதவுகின்றன. வங்காளத்தில் கோழி முட்டை மேல் அமர்வதைத் ‘தா’ கொடுத்தல் என்பர். வெப்பத்தைக் குறிக்கும் ‘தாபம்’ என்னும் சொல்லின் தேய்வு அது. தமிழிலோ அது ‘அடை’. கோழி அடைக்கு உட்காருகிறது, அடைகாக்கிறது, அடைகிடக்கிறது. வங்கச் சொல் வெப்பத்தைச் சுட்டுகிறது; தமிழ்ச் சொல் ஓரிடத்தை விட்டு நீங்காத இருப்பைச் சுட்டுகிறது. அடைகாத்தலுக்கு இரண்டுமே வேண்டும். 21 நாள்கள் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு வெப்பம் குன்றாதிருக்க வேண்டும். கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளாதவாறு முட்டை நாள்தோறும் பன்முறை புரட்டப்பட வேண்டும். முட்டையிலுள்ள நீர் மெல்ல ஆவியாகிக் காற்றறை பெருக வேண்டும். இறுதி நாள்களிலோ ஈரப்பதம் உயர வேண்டும், இல்லையேல் சவ்வு உலர்ந்து குஞ்சு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இவை அனைத்தையும் தாய்க்கோழி தன் வயிற்றுத் தோலாலும் அலகாலும் செய்து முடிக்கிறது.

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் அடை வைக்கும் பெண்கள் முட்டைகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்தனர்; இடியால் கரு கெடாதிருக்க இரும்புத் துண்டோ அடுப்புக்கரியோ கூடையில் இட்டனர். இவற்றுள் நம்பிக்கை எது, பயன் எது என்பது தனி ஆய்வு. ஆயினும் வெளிச்சத்துக்கு எதிரே முட்டையைப் பிடித்துக் கருவுள்ளதையும் கூமுட்டையையும் பிரித்தறிந்த திறன் நம்பிக்கை அன்று, அது பயிற்சி. இன்றைய பொரிப்பகங்களில் விளக்குச் சோதனை எனப்படுவதும் அதுவே.

தாய்க்கோழி இன்றிப் பொரிக்கும் கலையும் பழையதே. எகிப்தியர் எருவில் முட்டைகளைப் புதைத்துப் பொரித்ததை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். உரோமைப் பேரரசி லிவியா கருவுற்றிருந்தபோது ஒரு முட்டையைத் தன் மார்பிலேயே வைத்துப் பொரித்தார் என்று பிளினி எழுதுகிறார். வீட்டுப் பொரிப்பு பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் அதுவும் ஒன்று. எகிப்தின் பொரிப்புக் கூடங்கள் இவற்றினும் பெரியவை. மண்செங்கல்லால் கட்டிய அறைகள் நடைவழியின் இருபுறமும் இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கும். கீழ் அறையில் ஆயிரக்கணக்கான முட்டைகள், மேல் அறையில் கனலும் சாணமும் வைக்கோலும். ஏறத்தாழ முதல் 10 நாள்களுக்கே நெருப்பு வேண்டும். அதன்பின் வளரும் கருக்கள் தாமே வெளியிடும் வெப்பம் கூடத்தைக் காத்துவிடும். வெப்பத்தை அளக்கக் கருவி ஏதும் இல்லை. பணியாளர் முட்டையை எடுத்து மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்ப்பார். உடலின் மெல்லிய தோலே அவருடைய அளவுகோல்.

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இக்கலையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவர முயன்றார். எகிப்திய முறையைப் பயணிகளின் விவரிப்புகள் வாயிலாக அறிந்த அவர், தம் பெயரிலேயே வழங்கும் வெப்ப அளவீட்டின் துணையுடன் எருப் பீப்பாய்களிலும் அடுமனை அடுப்புகளிலும் சோதனைகள் நிகழ்த்தி 1749இல் அவற்றை நூலாக்கினார். நைல் கழிமுகத்தின் பெர்மே என்னும் ஊரார் இக்கலையைத் தந்தையிடமிருந்து மகன் எனப் பயின்று வந்ததையும், கொடுத்த முட்டைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குஞ்சுகளை ஒப்படைப்பதாக அவர்கள் பொறுப்பேற்றதையும் அவர் பதிவு செய்தார். மிஞ்சிய குஞ்சுகள் பொரித்தவருக்கு உரியவை. அறிவுக்கு ஊதியம் வகுத்திருந்த ஒப்பந்தம் அது. எருவின் வெப்பம் சீரற்றது. அதிலிருந்து எழும் ஆவியும் முட்டைகளைக் கெடுத்தது. ஆகவே ரெயோமூரின் சோதனைகள் தோல்விகள் பலவற்றைக் கடந்தே முன்னேறின. ஐரோப்பாவில் எகிப்தியக் கூடங்களுக்கு நிகரான தொழிலாக அவை வேரூன்றவும் இல்லை. ஆவணக் காப்பகத்தின் ஒருசார்பு இங்கே தெளிவாகிறது. தொழிலாக நிலைக்காத முயற்சிக்கு நூல் உண்டு. நூற்றாண்டுகள் வென்ற கைகளுக்குப் பெயர்கூட இல்லை.

எகிப்தியக் கூடத்தின் அதே இயற்பியல் நெல் விளையும் ஆசியாவில் வேறு வடிவம் பெற்றது. சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வழங்கிய உமி முறை, வங்கப் படுகையின் கிழக்கிலுள்ள ஹாவோர் தாழ்நிலங்களில் வாத்து வளர்ப்போரிடையேயும் பரவியது. மூங்கில் பாயால் ஆன உருளைகளைச் சுற்றி நெல் உமி திணிக்கப்படும். வெயிலில் இளஞ்சூடேற்றிய முட்டைகள் துணியில் பொதியப்பட்டு உருளைக்குள் இறக்கப்படும். அதன் பின்னர் புதிய முட்டைகளும் நாள்பட்ட முட்டைகளும் மாறிமாறி அடுக்கப்படும். நாள்பட்ட முட்டையின் கரு வெளியிடும் வெப்பம் புதியதை வளர்க்கும். உமியின் பணி அவ்வெப்பத்தைச் சிதறவிடாமல் காப்பதே. வாத்து முட்டை பொரிய 28 நாள்கள் வேண்டும். அதன் இறுதிப் பகுதியில் முட்டைகள் படுக்கைத் தட்டுக்கு மாற்றப்படும். இங்கும் வெப்பத்தை அறிந்தது கண்ணிமையே. பவானிபூரின் ஆசார அடுக்களைகள் ஏற்ற முட்டை வாத்து முட்டை. படுகையின் வாத்து வளர்ப்போருக்கும் அவ்வடுக்களைகளுக்கும் இடையே முட்டை பயணம் செய்தது. முட்டையை உயிராக்கும் அறிவு பயணம் செய்யவில்லை.

ஐரோப்பாவில் கண்ணிமையின் இடத்தைத் தானியங்கு வெப்பக் கட்டுப்பாடு பிடித்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னீலியசு திரெபெல் சாராயமும் பாதரசமும் வெப்பத்தால் விரிவதைக் கொண்டு தானே அடங்கும் உலையையும் பொரிப்பானையும் அமைத்தார். 1880களில் இங்கிலாந்தின் சார்லசு ஹியர்சன், எளிதில் ஆவியாகும் திரவத்தின் சில துளிகளை உலோகச் சிமிழில் அடைத்தார். வெப்பம் மிகும்போது சிமிழ் உப்பி விளக்கின் சூட்டை வெளியேற்றும். குறையும்போது சுருங்கி மூடும். வீட்டு மூலையில் வைக்கத்தக்க நம்பகமான பொரிப்பான் இவ்வாறு உருவாயிற்று.

இக்கருவிக்கும் பவானிபூருக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. பாரிசு மகப்பேற்று மருத்துவர் தார்னியே, உயிரியல் பூங்காவில் ஓதில் மார்த்தென் அமைத்திருந்த கோழிக்குஞ்சுப் பொரிப்பானைக் கண்டு, அதே போன்ற பெட்டியைக் குறைமாதக் குழந்தைகளுக்காகச் செய்யச் சொன்னார். 1880ஆம் ஆண்டையொட்டி அது பாரிசு மகப்பேற்று மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வந்தது. பவானிபூரை ஒட்டிய எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் உள்ள வெப்பப் பெட்டிகளின் முன்னோர் கோழிக்கொட்டிலில் பிறந்தவையே. தீட்டென அடுக்களைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறவையின் கருவி, குழந்தையின் தொட்டிலாக ஊருக்குள் வந்தது.

கருவி வந்தபோது கோழியும் மாறியது. அடைக்கு உட்காரும் கோழி வாரக்கணக்கில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். முட்டை எண்ணிக்கையையே இலக்காகக் கொண்ட இனத்தேர்வில் அவ்வியல்பு ஒரு குறையாகக் கருதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அடைகாவாத கோழிகளையே தேர்ந்ததன் விளைவு வெள்ளை லெகார்ன். இந்தியாவுக்கு அது சமயப்பரப்பாளர் பண்ணைகள் வழியாகவும் ஊரக மறுமலர்ச்சி இயக்கங்கள் வழியாகவும் பரவியது. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. மையம், லெகார்ன் கோழிகளையும் முட்டைக் கூட்டுறவு விற்பனையையும் ஏழைக் குடும்பங்களின் வருவாய்க்கு வழியாக்கியது. நோக்கம் நல்லது, பயனும் உண்மை. 1971இல் வெங்கடேசுவரா பொரிப்பகம் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் நாமக்கல் போன்ற வட்டாரங்கள் முட்டைத் தொழிலின் தலைநகரங்களாயின. மலிவான புரதம் கோடிக்கணக்கானோரை எட்டியது. இந்த ஏற்றத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. தன் முட்டையைத் தானே பொரிக்கத் தெரியாத கோழி, மின்சாரமும் பொரிப்பகமும் இன்றித் தன் இனத்தைத் தொடர இயலாத கோழி, பெரும்பான்மையாயிற்று. கொல்லைப்புறப் பெண்ணின் திறனுக்கும் தேவையற்றது என்னும் முத்திரை விழுந்தது.

2008 சனவரியில் பிர்பூம் மாவட்டத்தில் வெளிப்பட்ட பறவைக் காய்ச்சல் மேற்கு வங்கத்தின் 13 மாவட்டங்களில் பரவியபோது இவ்விழப்பின் மற்றொரு முகம் தெரிந்தது. நோயைத் தடுக்க இலட்சக்கணக்கான பறவைகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி ஏழைப் பெண்களின் கொல்லைக் கோழிகள். கொல்லப்பட்ட பறவைக்கு இழப்பீட்டுத் தொகை உண்டு. பல அடைகள் கண்டு, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கத் தேர்ந்த தாய்க்கோழிக்கெனத் தனி விலை எந்தப் பட்டியலிலும் வகுக்கப்படுவதில்லை.

இன்று வீட்டுப் பொரிப்பான் மீண்டும் வந்திருக்கிறது. தெர்மாகோல் பெட்டி, 2 மின்விளக்குகள், சிறு விசிறி, தண்ணீர்க் கிண்ணம், மலிவான எண்முறை வெப்பக் கட்டுப்படுத்தி என்பனவே அதன் உறுப்புகள். பவானிபூரிலிருந்து மெட்ரோவில் சில நிலையங்கள் தாண்டினால் வரும் சாந்தினி சவுக்கின் மின்னணுக் கடைகளில் இத்தகைய உறுப்புகளைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. இதைப் புதுமை என்பது பாதி உண்மையே. பெரும் பொரிப்பகங்களிடம் சென்றுவிட்ட வேலையை இப்பெட்டி வீட்டுக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் அதனுடன் பழைய அறிவு தானாகத் திரும்பி வருவதில்லை. கட்டுப்படுத்தி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உணரி முட்டையின் மட்டத்தில் இல்லாமையால் கருக்கள் இறக்கின்றன. 18ஆம் நாளுக்குப் பின் புரட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதும், குஞ்சு ஓட்டை உடைக்கும் வேளையில் மூடியைத் திறக்கலாகாது என்பதும் ஒவ்வொருவரும் சில முட்டைகளை இழந்து கற்கும் பாடங்கள். மின்சாரம் நின்ற இரவில் பெட்டியைப் போர்வையால் மூடுபவர், உமி உருளையின் கோட்பாட்டைத் தம்மையறியாமலே மீண்டும் கண்டுபிடிக்கிறார்.

தொழில்நுட்ப வரலாற்றைக் கருவிகளின் வரிசையாக எழுதுவது எளிது. எகிப்தியக் கூடம், ரெயோமூரின் பீப்பாய், ஹியர்சனின் சிமிழ், நாமக்கல்லின் பொரிப்பகம் என்று அவ்வரிசை நேர்க்கோடாக நீளும். அக்கோட்டில் உமி உருளைக்கும் அடைக்கூடைக்கும் இடமிருக்காது. கைகளின் வரலாறாக எழுதினால் கோடு வேறு வழியே செல்கிறது. பெர்மே ஊராரின் கண்ணிமை, ஹாவோர் வாத்து வளர்ப்போரின் உமி, கூமுட்டையைப் பிரித்தெடுத்த தமிழ்ப் பெண்ணின் பார்வை ஆகியவை ஒரே அறிவின் கிளைகளாகத் தெரிகின்றன. அவ்வறிவு நூலகத்தில் இல்லை. அதை உடையோர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைப்பதற்குரிய காலம், எந்த அடைக்காலத்தையும் போலவே, வரம்புடையது.