பிரிட்டிஷ் காலத்து ரிவால்வர், இப்போ கான்பூர் தயாரிப்பு! பழைய ராணுவ மாடல் கைத்துப்பாக்கிகளை யார் வாங்கலாம்? சட்டம் சொல்வது என்ன?

ராணுவம் எப்போதோ ஓரங்கட்டிய கைத்துப்பாக்கி மாடல்கள் இன்று பல நாடுகளில் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவிலும் இது நடக்கிறது. இன்னொரு பக்கம், அதே மாடல்களில் பொம்மை, லைட்டர், ஏர்கன் என ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. இதில் எதை வாங்கலாம், எது ஜெயில் வரை கொண்டுபோய் விடும்? பெரம்பலூர், அரியலூர் மாதிரி மாவட்டங்களில் உரிமம் கொடுப்பது யார்? தாத்தா விட்டுப்போன துப்பாக்கியை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பழைய மாடல், புது தயாரிப்பு... எப்படி?

ஒரு துப்பாக்கியின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டால், அந்த டிசைனை வேறு நிறுவனங்களும் தயாரிக்கலாம். இதற்கு நல்ல உதாரணம் எம்1911 பிஸ்டல். 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த மாடல், 1985 வரை அங்கே பிரதான கைத்துப்பாக்கியாக இருந்தது. இப்போது பிலிப்பைன்ஸ், துருக்கி நிறுவனங்கள்கூட இதே டிசைனில் தயாரித்து விற்கின்றன.

அடுத்தது பிரவுனிங் ஹை-பவர். ஜான் பிரவுனிங் தொடங்கிய டிசைன் இது. 1926-ல் அவர் இறந்த பிறகு, டியூடோனே சாய்வ் என்பவர் வேலையை முடித்தார். 1935-ல் பெல்ஜியத்தில் வெளிவந்தது. ஒரே மேகசினில் 13 குண்டுகள் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் பழைய மாடல் தயாரிப்பை நிறுத்திய பிறகும் இதற்கு மவுசு குறையவில்லை. 2021-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, எஸ்.ஏ.-35 என்ற பெயரில் இதன் மறுவடிவத்தைக் கொண்டு வந்தது. 2022-ல் எஃப்.என். நிறுவனமே புது ஹை-பவருடன் திரும்ப வந்தது.

இந்தியாவில் யார் தயாரிக்கிறார்கள்?

நம் ராணுவமும் போலீஸும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் 'பிஸ்டல் ஆட்டோ 9எம்எம் 1ஏ' அந்த ஹை-பவரின் வாரிசுதான். இரண்டாம் உலகப்போரில் பெல்ஜியம் ஜெர்மனி வசம் போனதும், கனடாவின் டொராண்டோவில் இங்கிலிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காக ஹை-பவரைத் தயாரித்தது. அந்த மாடலை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரி இந்திய பிஸ்டலைத் தயாரித்தது.

ரிவால்வர் கதை வேறு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவான வெப்லி ரிவால்வர், 1887 முதல் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆயுதம். நடுவில் மடக்கித் திறந்து குண்டு போடுகிற டைப். இதன் மார்க் 4 மாடலைத் தழுவித்தான் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் உருவானது. 2014-ல் பெண்களுக்கான துப்பாக்கி என்ற விளம்பரத்துடன் கான்பூரில் அறிமுகமான, சுமார் 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வரும் இதே மடக்கும் டைப்தான். 2023 ஆகஸ்ட்டில் வந்த 'பிரபல்' ரிவால்வரில்தான், மடக்காமல் சிலிண்டரைப் பக்கவாட்டில் தள்ளி குண்டு போடும் வசதி வந்தது.

எல்லாமே .32... ஏன்?

மேட்டரே இங்கேதான் இருக்கு. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் குண்டுகளைச் சுடக்கூடிய துப்பாக்கிகளை, நம் ஆயுத விதிகள் 'தடை செய்யப்பட்ட போர்' என்ற பிரிவில் வைத்திருக்கின்றன. 9எம்எம் சர்வீஸ் குண்டு, .380, .455 எல்லாம் இதில் அடங்கும். அதாவது ஒரிஜினல் வெப்லி சுட்ட .455 குண்டும், ஹை-பவர் சுடும் 9எம்எம் குண்டும் சாமானியருக்குக் கிடையாது.

அதனால், பழைய ராணுவ டிசைனை எடுத்து, குண்டின் அளவை மட்டும் .32-க்கு மாற்றி மக்களுக்கு விற்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் வாங்கும் மறுவடிவத்துக்கும் நம்மூர் மறுவடிவத்துக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான்.

திருச்சி ஃபேக்டரிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே ஒருகாலத்தில் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். அதனால் துப்பாக்கி என்றதும் இந்தப் பக்கத்து மக்களுக்கு நவல்பட்டு அருகே உள்ள திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். 1966-ல் தொடங்கப்பட்ட இந்தத் தொழிற்சாலை, இன்சாஸ், திருச்சி அசால்ட் ரைபிள் போன்ற நீள ரக ஆயுதங்களுக்குப் பெயர் பெற்றது. 2021 அக்டோபர் 1-ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, திருச்சி, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை, இச்சாப்பூர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அதுதான் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மெண்ட் இந்தியா.

உரிமம் யார் கொடுப்பாங்க?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் .32 போன்ற தடையில்லா ரகத்துக்கு உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பதாரருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. துப்பாக்கி ஏன் தேவை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவெடுக்கும்.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். முன்பு இது 3. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூடியிருக்கிறது. வாயில் மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் கட்டாயம். 'பரம்பரையா வச்சிருக்கோம்' என்ற பதில் எடுபடாது.

தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருந்தால்?

ராணுவத்திலோ போலீஸிலோ இருந்த தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த ரிவால்வர், அவர் இறந்த பிறகும் பீரோவிலேயே கிடக்கிறது என்று வையுங்கள். உரிமம் அவருடைய பெயரில்தான் இருந்தது. வாரிசுக்கு அது தானாக வந்து சேராது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டுகள்.

செய்ய வேண்டியது இதுதான்: தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாத்தா உயிரோடு இருந்தால், அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவரே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க ஆயுத விதிகள் 2016 இடம் தருகிறது.

ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் 'இது சுடாது' என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. காவல் நிலையத்தில் கேட்டுவிடுவதே நல்லது.

பொம்மைதானே... அதுக்கும் கேஸா?

பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியது சட்டப்படி ஆயுதம் ஆகாது. ஆனால் நிஜத் துப்பாக்கியாக மாற்ற முடியும் என்றால் அந்த விலக்கு கிடையாது. போலித் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் நிஜமாக மாற்றினால், குறைந்தபட்சம் 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. கள்ளத்துப்பாக்கி தயாரிப்பவருக்கும் இதே தண்டனைதான்.

கைது செய்ய வரும் போலீஸைத் தடுக்க போலித் துப்பாக்கியைக் காட்டினாலும் 28-வது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. அது சுடுமா, சுடாதா என்பது இங்கே கணக்கில் வராது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருந்தாலே போதும். பொம்மையைக் காட்டி ஒருவரை மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் கிரிமினல் மிரட்டல் வழக்கு வரலாம்.

கல்யாணம், திருவிழாவில் கெத்துக்காக வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். உரிமம் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும், மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுருக்கமா சொன்னா...

• பழைய ராணுவ டிசைனில் புது ரிவால்வர் வாங்கலாம். ஆனால் .32 போன்ற தடையில்லா ரகம் மட்டும், அதுவும் உரிமத்தோடு.

• ஒரிஜினல் .455, .380, 9எம்எம் ரகங்கள் பொதுமக்களுக்கு இல்லை.

• வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால் ஒளிக்க வேண்டாம், விற்க வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

• ஆன்லைனில் 'ஒரிஜினல் மாதிரியே இருக்கும்' என்று விற்கும் பொருளை வாங்கும் முன், அதை நிஜமாக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்காமல் விடுவதே பாதுகாப்பு.