பதினாறு அங்குல மலை

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருக்கிறான். மாடி அறையில் மாதிரி ரயில் பாதை ஒன்று போடுவதாக இருவரும் தீர்மானித்தோம். கீழ்த் தட்டில் திருநெல்வேலி ஜங்ஷன். மேல் தட்டில் ஆரியங்காவு மலை. நடுவே 16 அங்குலம்.

“ஒரு பலகையைச் சரிவா வச்சா ஏறிராதா, தாத்தா?” என்றான்.

ஏறாது. மலையில் பாதை போட்டவர்களுக்கும் இதே சிக்கல்தான். 1903-ல் செங்கோட்டைக்கு வந்துவிட்ட மீட்டர் கேஜ் பாதை, 1904-ல் மலையைத் தாண்டிப் புனலூரைத் தொட்டது. மலைப்பகுதியில் கடும் ஏற்றமே ஏறத்தாழ 37 அடிக்கு ஓரடிதான். அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கும். உயரம் வேண்டுமானால் நீளத்தைக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் அந்தப் பாதை மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. குறுக்கிட்ட இடத்தில் குகை குடைந்தார்கள். பள்ளத்தில் கல்லால் பதின்மூன்று கண் பாலம் கட்டினார்கள்.

அதே கணக்கைக் காகிதத்தில் போட்டேன். 16 அங்குலம் ஏற 16 × 37 = 592 அங்குலம், அதாவது சுமார் 49 அடி. அறையின் நீளமே 14 அடி! ஆகவே மூலையில் நான்கடி விட்டத்தில் சுருள்பாதை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி நீளம், நான்கு அங்குல உயரம். நான்கே சுற்றில் மேல் தட்டு வந்துவிடும். 87-ல் ஒரு பங்கு அளவில் எஞ்சின் உயரம் ஒன்றரை அங்குலம்தான் என்பதால் தலை இடிக்காது.

எல்லாவற்றையும் அப்படியே சுருக்க முடியாது. செங்கோட்டை–புனலூர் 49 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் 563 மீட்டர். எனவே குகை ஒன்று, பாலம் ஒன்று, நிலையம் இரண்டு போதும் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த கேள்வி, எந்த வருஷம்? ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் இல்லாமல் எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழே ரயில், அதற்கு மேல் சைக்கிளும் நடப்பவர்களும், உச்சியில் பஸ், லாரி. அது திறந்தது 1973-ல். நாகர்கோவிலிலிருந்து அகலப்பாதை ஜங்ஷனுக்கு வந்தது 1981-ல். இரண்டுக்கும் நடுவில் 1975 என்று குறித்தோம்.

மலைப்பாதையில் மீட்டர் கேஜ் 2010-ல் நின்றது. 2018-ல் அகலப்பாதை முழுவதும் திறந்தது. நல்லதுதான். ஆனால் பேரன் அந்தப் பழைய ரயிலில் ஏறியதே இல்லை. நாளைக்குத் தச்சர் வருகிறார். முதலில் சுருள்பாதைக்கான பலகையை அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.