மெக்சிகோ குரூஸ் போறீங்களா? செல்போன் நேரத்தை நம்பினால் கப்பலைக் கோட்டை விடலாம்!

கையில் செருப்பு, தோளில் ஈரத் துண்டு. கப்பலை நோக்கி ஒரு ஜோடி தலைதெறிக்க ஓடிவர, மேலே பால்கனியில் நிற்பவர்கள் கைதட்டி விசிலடிக்கிறார்கள். மெக்சிகோவின் கோசுமெல் போன்ற துறைமுகங்களில் எடுக்கப்படும் இந்த மாதிரி வீடியோக்கள் அடிக்கடி வைரலாகும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. ஓடுபவர்களுக்கோ உயிர் போகிற அவசரம்.

இப்படி ஓடுகிறவர்கள் எல்லோரும் பொறுப்பில்லாமல் ஊர் சுற்றியவர்கள் அல்ல. பலரைக் கவிழ்ப்பது கடிகாரம்தான்.

எந்த நேரம் சரியான நேரம்?

கோசுமெல், கான்கூன் எல்லாம் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது. அமெரிக்காவிலோ மார்ச் முதல் நவம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். எனவே கோடையில் மியாமியிலிருந்து கிளம்பும் கப்பல் மியாமி நேரத்தையே வைத்திருந்தால், கரையில் மணி 3.30 ஆகும்போது கப்பலில் 4.30. செல்போன் உள்ளூர் டவரைப் பிடித்ததும் தானாகவே கரை நேரத்துக்கு மாறிவிடும். 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு' என்று நினைத்து இன்னொரு இளநீர் சொல்பவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்.

பசிபிக் பக்கம் கதை தலைகீழ். லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தில் வரும் கப்பலைவிட புவேர்ட்டோ வயார்ட்டாவின் நேரம் கோடையில் ஒரு மணி முன்னே இருக்கும். அங்கே கப்பலைத் தவறவிடும் ஆபத்து குறைவு. ஆனால் உள்ளூர் ஏஜென்ட்டிடம் 9 மணி டூர் புக் செய்தவர், கப்பல் கடிகாரத்தைப் பார்த்துப் போனால் டூர் கிளம்பிப் போயிருக்கும்.

சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கே மாறிவிடும். இறங்கும் முன் கேட்டுவிட்டு, மணிக்கட்டில் சாதாரண வாட்ச் ஒன்றைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்வதுதான் நல்லது.

8 முதல் 5 என்றால் 9 மணி நேரமா?

இல்லை. வரிசையில் நின்று இறங்க நேரம் போகும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கையில் நிற்பது ஆறரை, ஏழு மணி நேரம்தான்.

இதை வைத்து டூலும் கணக்கைப் பாருங்கள். கடலோரக் குன்றின் மேல் நிற்கும் அந்த மாயன் நகரத்துக்குக் கோசுமெல்லிலிருந்து போக, முதலில் ப்ளாயா டெல் கார்மெனுக்கு ஃபெரியில் சுமார் 45 நிமிடம், பிறகு சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பி வரவும் அதே அளவு. ஃபெரிக்குக் காத்திருப்பது தனி. போகலாம், ஆனால் கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் போவதுதான் புத்திசாலித்தனம். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைப்பார்கள். தனியாகப் போனவருக்காக யாரும் நிற்க மாட்டார்கள். சிச்சென் இட்சா இன்னும் தூரம். அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பீச் மட்டும் போதும் என்றால்?

கோசுமெல்லின் மேற்குக் கரைதான் குளிக்க ஏற்றது. தண்ணீர் அமைதியாக இருக்கும். கிழக்குக் கரை பார்க்க அழகு, அலையோ முரட்டுத்தனம். வசந்தமும் கோடையும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி ஒதுங்கும் காலம். அப்போதும் அடி வாங்குவது பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். அதே காலத்தில் கோஸ்டா மாயாவில் பீச் நாள் திட்டமிடுபவர்கள் கடற்பாசி நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. பீச் கிளப்பில் கொடுக்கும் காசு நாற்காலிக்கும் குடைக்கும் சாப்பாட்டுக்கும்தான்.

காபோ சான் லூகாஸில் கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும். சின்னப் படகில்தான் கரைக்கு வரணும். காலையில் படகுக்கு வரிசை, மாலையிலும் வரிசை. அங்கே குளிக்க மெடானோ பீச். பாறை வளைவுக்குப் பக்கத்தில், பசிபிக்கைப் பார்த்திருக்கும் 'விவாகரத்து பீச்'சில் கால் நனைப்பதுகூட ஆபத்து. அலை ஆளை இழுத்துவிடும்.

தவறவிட்டால்?

அடுத்த துறைமுகத்துக்கு விமானத்தில் போய்ச் சேர வேண்டியதுதான், சொந்தச் செலவில். அமெரிக்காவில் கிளம்பி அதே ஊருக்குத் திரும்பும் குரூஸில் அந்நாட்டுக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைத்துக்கொண்டே ஏறலாம். ஆனால் மெக்சிகோவிலிருந்து விமானத்தில் அமெரிக்கா திரும்ப பாஸ்போர்ட் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கப்பல் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அந்த ஊர் துறைமுக ஏஜென்ட்டின் போன் நம்பர் பொதுவாக இருக்கும். இறங்கும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.