ரெண்டு இடிக்கும் ஒரு பெரிய எண்

நான் படித்தது பி.காம். பை என்றால் 22/7, அதோடு சரி. வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்த பிறகுதான் கேரளத்து எண் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இதுதான் அது:

28,27,43,33,88,233

பேங்க் கணக்கில் சொன்னால் 2 லட்சத்து 82 ஆயிரத்து 743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233.

சங்கமக்கிராமத்து மாதவன் (சுமார் 1340–1425) சொன்னது. விட்டம் 90,000 கோடி என்றால் வட்டத்தின் சுற்றளவு இவ்வளவு. வகுத்துப் பாருங்கள், 3.14159265359 வரும். சங்கர வாரியர் 16ஆம் நூற்றாண்டில் 'கிரியாக்ரமகரீ' உரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இலக்கமாக இல்லை, சொல்லாக. தேவர் என்றால் 33, கண் 2, யானை 8, பாம்பு 8, தீ 3... இப்படிப் போய் நட்சத்திரம் 27, யானை 8, கை 2 என்று முடியும். முதல் சொல்தான் எண்ணின் வால். மனப்பாடம் செய்ய வசதி.

எப்படிப் போட்டார்கள்? 1 − 1/3 + 1/5 என்று போகும் தொடரை அப்படியே கூட்டினால் இந்த நுட்பத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி படிகள் வேண்டும். 12-இன் வர்க்கமூலத்தில் தொடங்கி, படிக்குப் படி மூன்றால் வகுத்துப் போகும் வேறொரு தொடரும் மாதவன் மரபில் உண்டு. அதில் இருபத்துச் சொச்சம் படிகளே போதும்.

சரி, கணக்கை டேலி பண்ணுவோம். இன்றைய கம்ப்யூட்டர் தரும் விடை 28,27,43,33,88,230.81. ஆக, மாதவன் கணக்கில் சுமார் 2.19 அதிகம். இரண்டே முக்கால் லட்சம் கோடிக்கு மேல் போகும் தொகையில் ரெண்டு ரூபாய் பத்தொன்பது பைசா இடிக்கிறது! எங்கள் பிராஞ்சாக இருந்தால் அதையும் தேடித்தான் ஆகவேண்டும் :)

ஆனால் இந்தக் கணக்கு எந்நாளும் முழுசாக டேலி ஆகாது. அதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். 1444-இல் பிறந்த நீலகண்ட சோமயாஜி தன் ஆரியபடீய உரையில் எழுதுகிறார்: எந்த அளவுகோலால் விட்டம் மிச்சமில்லாமல் அளக்கப்படுகிறதோ, அதே கோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் நிற்கும், மிச்சத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. இதற்கு நிரூபணம் தந்தவர் லாம்பர்ட், 1760களில்.

அந்த உரையை அச்சில் கொண்டுவந்தது திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசை. 1905-இல் அதைத் தொடங்கிய டி. கணபதி சாஸ்திரி நம்ம திருநெல்வேலிச் சீமை, தருவைக்காரர்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கெல்லாம் "எல்லாமே நம்மிடம்தான் முதலில் இருந்தது" என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. சமர்கண்டில் அல் காஷி 1424-இலேயே 16 தசம இடம் வரை போய்விட்டார். பெருமை பேச மாதவனுக்கு அந்த மாதிரி செய்தி தேவையில்லை. பிள்ளைகளுக்கு அந்த எண்ணைச் சொல்லுங்கள். இடிக்கிற ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கால்குலேட்டர் அவர்கள் கையில்தானே இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளட்டும்.