காம்பவுண்டு

வீட்டையோ ஆலையையோ சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்த இடம். தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் அந்தச் சுவருக்கே பெயராகிவிட்டது. சென்னையில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் வசிக்கும் வீட்டையும் 'காம்பவுண்டு வீடு' என்பார்கள்.

ஆங்கிலத்தில் இதே எழுத்துகளுடன், கலவை என்ற பொருளில் வேறொரு சொல் உண்டு. அது லத்தீன் வழி வந்தது. மருந்து கலந்து கொடுத்த காம்பவுண்டர் அந்த வம்சத்தவர். அடைப்பைக் குறிக்கும் சொல்லோ மலாய் மொழியின் 'கம்போங்'கிலிருந்து, போர்த்துக்கீசியர் அல்லது டச்சுக்காரர் வழியாக, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. வயலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே மூலம் என்று வாதிட்டவர்களும் உண்டு. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரண்டையும் அலசி மலாய்ப் பக்கம் சாய்ந்தது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பர்னெல் மதராஸ் மாகாண அதிகாரி. 1639இல் கால்கொண்ட மதராஸ், தொடக்கத்தில் ஜாவாவின் பான்டமில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் பண்டகசாலைக்கே கட்டுப்பட்டிருந்தது. சொல் கப்பலேறி வர வழி திறந்தே கிடந்தது.

தோட்டமும் நிழலுமாக வெள்ளைக்காரர் பங்களாக்களைச் சூழ்ந்திருந்த காம்பவுண்டு, வடசென்னையில் வேறு முகம் கொண்டது. ராயபுரத்துக்கு 1856இல் ரயில் வந்தது, துறைமுகம் வளர்ந்தது, திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலையும், 1950களின் நடுப்பகுதி முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கின. வேலை தேடி வந்தவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் வரிசை வரிசையான 'போர்ஷன்'கள்: ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையல் மூலை, நடுவில் பொது நடை, எல்லோருக்கும் ஒரே அடிபம்பு, ஒரே கழிவறை. காலையில் குடங்களின் வரிசை, மாலையில் அதே நடையில் பூ கட்டுவதும் சண்டையும் சமாதானமும். ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லில் இருக்கும் சலிப்பு 'எங்க காம்பவுண்டு' என்பதில் இல்லை. அதில் உரிமை தொனிக்கிறது.

சொல் போன எல்லா இடத்திலும் இப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில், 1880களில், கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே விடாமல் அடைத்த வளாகங்களுக்கும் இதே பெயர்தான்.

மலேசியத் தமிழர் 'கம்போங்'கை நேராகவே வாங்கிக் 'கம்பம்' ஆக்கிக்கொண்டார்கள். மலாய்க் கிராமத்துக்கு அங்கே அதுதான் பெயர். வீடும் சுற்றுநிலமும் சேர்ந்ததை யாழ்ப்பாணத்தார் 'வளவு' என்கிறார்கள். நல்ல சொல், சென்னையில் போணியாகவில்லை.